முகத்துவாரத்துச் சுறா

மெல்பேர்னில் எங்களுக்குக் கிடைத்த முதல் வீடு, ஆற்றுக்கு மேற்கே, புட்ஸ்கிரேயில் ஒரு செங்கல் கட்டடத்தின் மேல்மாடி. எழுபதுகளின் தொடக்கம். எங்களைப் போன்ற முகங்களை ரயிலில் கண்டால் ஆட்கள் ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு பார்க்காதது போல இன்னொருமுறை பார்ப்பார்கள். என் கணவர் எஞ்சினியர். நான் யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இரசாயனம் படிப்பித்தவள். இங்கே வந்த பிறகு என் பட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் எடுப்பாகத்தான் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு அந்தக் குணம் உண்டு.

அவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. மீன் என்றாலும் எந்த மீனும் அல்ல. அவர் பிறந்து வளர்ந்தது பரவைக்கடல் பக்கம், அதாவது ஊரை ஒட்டிக் கிடக்கும் ஆழமில்லாத களப்போரம். ஆழ்கடல் மீன் வெறும் சக்கை, சேறும் உப்பும் கலந்த தண்ணீரில் வளர்ந்த மீனுக்குத்தான் ருசி என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வேதவாக்கு. கொழும்பில் வேலை பார்த்த காலத்திலும் சந்தையில் மீனைத் தூக்கி மணந்து பார்த்து, இது களப்பா கடலா என்று விசாரிப்பாராம். மெல்பேர்னுக்கு வந்ததும் அவர் முதலில் வாங்கியது ஒரு வீதி வரைபடம். மற்றவர்கள் அதில் வேலைக்குப் போகும் வழியைத் தேடுவார்கள். இவர் ஆறும் ஓடைகளும் எங்கே கடலில் விழுகின்றன என்று தேடினார்.

கண்டும் பிடித்தார். குடாவின் மேற்குக் கரையில் ஓர் ஓடை கடலோடு சேரும் முகத்துவாரம். ஒரு பக்கம் சதுப்பும் நாணலும். மறுபக்கம் தொழிற்சாலை மதில்கள், எண்ணெய்த் தாங்கிகள், புகைபோக்கிகள். மதில்களுக்கு அடியிலிருந்து குழாய்கள் தண்ணீருக்குள் இறங்கின. என்னை முதல்முறை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது அந்தக் குழாய்களைக் காட்டி, இதெல்லாம் என்ன என்று கேட்டேன். மழைத் தண்ணீராக இருக்கும் என்றார். அன்று மழை இல்லை. ஆனால் நல்ல வெயில், நல்ல காற்று, அவர் தூண்டிலைப் போட்ட சற்றைக்கெல்லாம் மீன் கடித்தது. பொங்கல் பானை பொங்கியது போல அவருக்குச் சந்தோஷம். குழாய்ப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த வருடமே நான் கர்ப்பமானேன். ஆட்டிறைச்சி மணம் பட்டாலே குமட்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டடம் முழுக்க ஆடு வேகும். நான் யன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். எனக்குத் தொண்டைக்குள் இறங்கியது மீன் ஒன்றுதான். அவர் பிடித்து வந்ததைச் சமைத்தேன். அது இல்லாத நாட்களில் சந்திக் கடையில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி வருவார். அந்தக் கடைகளில் ‘ஃப்ளேக்’ என்று விற்பது சுறா என்பது இங்கே பலருக்குத் தெரியாது. எங்களுக்கு முதல் கடியிலேயே தெரிந்துவிட்டது. சுறா என்றால் வாங்க மாட்டார்கள் என்று பெயரை மாற்றி விற்கிறார்கள் பார் என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் பக்கத்தில் சுறா என்று கூவினால்தான் பெண்கள் வாசல் படலைக்கு வருவார்கள்.

என் வயிறு வெளியே தெரியத் தொடங்கிய நேரத்தில் அந்தச் செய்தி வந்தது. சுறாவில் பாதரசம் இருக்கிறதாம், பெரிய சுறாக்களை இனிக் கடைகளில் விற்கக்கூடாதாம். பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு நான் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். பாதரசம் எனக்குத் தெரியாத பொருள் அல்ல. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சிறு போத்தலில் இருக்கும். தட்டில் ஊற்றினால் குண்டு குண்டாக உருண்டோடும். அதைப் பார்க்கப் பிள்ளைகள் என்னை இடித்துக்கொண்டு நிற்பார்கள். தண்ணீரில் கரையாது, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் என்று படிப்பித்தேன். அது எப்படிக் கடலில் ஓடும் மீனின் சதைக்குள் போகும், அதைத் தின்றவர்களுக்குக் கண்ணில் படாமல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரியாதது இன்னும் பயமாக இருந்தது.

அவர் என்னைப் போலக் கலங்கவில்லை. எஞ்சினியர் அல்லவா, பென்சிலை எடுத்துக்கொண்டு செய்தியை வரி வரியாகப் படித்தார். கெட்டது பெரிய சுறா, சிறியது அல்ல. கெட்டது கடையில் விற்பது, எங்கே பிடித்தது என்று யாருக்கும் தெரியாதது. அப்படியானால் வழி சுலபம்.

“இனிக் கடைப் பக்கமே போகவேண்டாம். நான் பிடிக்கிறன். எங்கை பிடிச்சது, எப்ப பிடிச்சது எண்டு எங்கட கண்ணாலை பாத்த மீன்தானே” என்றார்.

இதில் என்ன பிழை இருக்கிறது? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடைப் பண்டத்தைவிடக் கண்ணெதிரே கிடைத்தது சுத்தம் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் வளர்ந்தோம். பால் என்றால் கண்முன்னால் கறக்க வேண்டும், எண்ணெய் என்றால் கண்முன்னால் ஆட்ட வேண்டும். அன்றிலிருந்து ‘ஃப்ளேக்’ நின்றது. சனி, ஞாயிறுகளில் அவர் முகத்துவாரத்துக்குப் போனார். கோடை காலத்தில் வேலை முடிந்தும் போனார். அங்கே கிரேக்கர்களும் இத்தாலியர்களும் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். கரையோரத்துக்குக் குட்டிச் சுறாக்கள் வரும். அவர்களுக்கு அது வேண்டாத மீன். தூண்டிலில் சிக்கினால் கழற்றி இவர் வாளிக்குள் போட்டுவிட்டுத் தோளில் தட்டுவார்களாம். இவர் வாளி நிறையச் சுறாவோடு மாப்பிள்ளை மாதிரி மாடிப்படி ஏறுவார்.

பங்குனியில் பெண் பிறந்தாள். அம்மா கடல் கடந்து வர வழியில்லை. அந்தக் குறையை ஓர் அன்ரி தீர்த்து வைத்தார். மலேசியாவில் பிறந்தவர், பெற்றோர் யாழ்ப்பாணம், கணவருடைய வேலையோடு மெல்பேர்னுக்கு வந்தவர். இரண்டு ரயில் நிலையம் தள்ளி வீடு. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே குசினியைக் கைப்பற்றிக்கொண்டார். பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுப்பது, என்ன கொடுக்கக்கூடாது என்பதில் அவரோடு யாரும் வாதாட முடியாது. மல்லியும் மிளகும் சுக்கும் அரைத்த சரக்குக் கறி ஒரு பக்கம் கொதிக்கும். மறுபக்கம் சுறா.

எங்கள் ஆட்களிடம் இது ஓர் எழுதாத சட்டம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறா வறை கொடுக்க வேண்டும். சுறாவை அவித்து, தோலை உரித்து, சதையை உதிர்த்துப் பிழிந்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் மிளகும் சேர்த்துச் சட்டியில் பொலபொலவென்று வறுத்து எடுப்பது. பக்கற்றில் வந்த காய்ந்த தேங்காய்ப்பூவைப் பாலில் ஊறவைத்து அன்ரி அதை அச்சொட்டாகச் செய்தார். மணம் மாடிப்படி இறங்கி வீதிக்குப் போனது. கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை வந்து, எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

“சுறா தின்னாத தாய்க்குப் பால் எங்காலை வரும்? கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடு பிள்ளை” என்பார் அன்ரி.

நான் கண்ணைத் திறந்துகொண்டே சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. பாலும் வந்தது. குழந்தை குடித்துக் குடித்துக் கன்னம் உப்பினாள். ஐஸ்பெட்டியின் மேல்தட்டு முழுக்கச் சுறாத் துண்டுகள். முகத்துவாரத்தில் குட்டிச் சுறா வரும் பருவம் போய்விடும் என்று அவர் முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தார். கெட்டிக்கார அப்பா என்று அன்ரி மெச்சினார்.

அந்த நாட்களில் ஒவ்வொரு பகுதியிலும் குழந்தைகளை நிறுத்துப் பார்க்கும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு சிஸ்டர். நரைத்த தலை, வெள்ளைச் சப்பாத்து, எல்லோரையும் ‘டியர்’ என்பார். நான் சேலை கட்டிக்கொண்டு குழந்தையோடு போனால் மற்றத் தாய்மார் ஒதுங்கி இடம் விடுவார்கள். சிஸ்டர் மட்டும் சேலையைத் தொட்டுப் பார்த்து அழகு என்பார். அன்று குழந்தையைத் தராசில் கிடத்திவிட்டு முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிறை மிக நன்றாக ஏறியிருக்கிறது, தாய்ப்பால் மட்டும்தானா என்று கேட்டார். மட்டும்தான் என்றேன். நீ என்ன சாப்பிடுகிறாய், மற்றவர்களுக்கும் சொல்கிறேன் என்று சிரித்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்ல வேண்டியதா? வந்த நாளிலிருந்து இந்த நாட்டில் யாரும் என்னிடம் ஒன்றையும் கற்றுக்கொள்ள நினைத்ததில்லை. சுறா வறையை அவிப்பதிலிருந்து வறுப்பது வரை விளக்கினேன். சுறா என்றதும் அவர் சிரிப்பு நின்றது. கடையில் வாங்குகிறாயா என்று கேட்டார். எனக்கா தெரியாது, பத்திரிகை படிப்பவள் அல்லவா? இல்லை இல்லை, கடையில் வாங்குவதை எப்போதோ நிறுத்திவிட்டோம், என் கணவரே பிடித்து வருகிறார் என்றேன். எங்கே என்றார். இடத்தைச் சொன்னேன்.

சிஸ்டர் குழந்தையைத் தராசிலிருந்து எடுத்துத் துவாயில் சுற்றினார். என் கையில் தரவில்லை. தன் மார்போடு பிடித்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்கு எதிரே இருந்தார்.

“அந்தத் தண்ணீரில் என் கணவர் எங்கள் நாயைக்கூட இறங்க விடமாட்டார்” என்றார்.

அந்த வசனம் இன்றைக்கும் அதே குரலில் எனக்குக் கேட்கிறது. அவர் பிறகு சொன்னவை பாதிதான் காதில் விழுந்தன. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் என்ன விடுகின்றன என்று தனக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் அந்தப் பகுதியில் பிறந்தவர்கள் யாரும் அங்கே பிடித்ததைச் சாப்பிட மாட்டார்கள், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும், அதுவரை குழந்தைக்குப் போத்தல் பால் கொடுப்பதுதான் நல்லது என்றார். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறார் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் குழந்தைக்குக் கைநீட்டினேன். அவர் தருவதற்கு முன் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் மன்னிக்கவில்லை. அவர் நல்ல மனுஷி, அது எனக்குத் தெரியும், ஆனாலும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் கத்தினேன். மழைத் தண்ணீர் என்று சொன்னீங்களே என்று கத்தினேன். அவர் ஐஸ்பெட்டியைத் திறந்து, சுறாத் துண்டுகளையெல்லாம் பத்திரிகைக் கடதாசியில் சுற்றிக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். சற்று இருந்துவிட்டு மறுபடியும் படியிறங்கினார். அந்தப் பொதியை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். ஏன் என்று கேட்டேன். கீழ்வீட்டுப் பூனை தின்றுவிடும் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பூனை தின்னக்கூடாத சாமானை நான் எத்தனை கோப்பை தின்றேன்! அவர் குசினி நிலத்தில் அந்தப் பொதிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, எனக்கு அப்போது இரக்கமும் வரவில்லை.

அன்ரிக்குச் சொன்னபோது அவர் கையில் கரண்டி இருந்தது. அதை வைக்க மறந்து நின்றார்.

“நான் நல்லதுக்குத்தானே தந்தனான் பிள்ளை” என்றார்.

ஓம் அன்ரி, நல்லதுக்குத்தான் என்றேன். அதற்கு மேல் எனக்கு அவரைத் தேற்றத் தெம்பில்லை. அதன்பின் சில வாரங்கள் அவர் வருவார், குழந்தையின் உடுப்புத் தோய்த்துப் போடுவார், குசினிக்குள் மட்டும் கால் வைக்க மாட்டார்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். இளம் மனிதர், நிதானமாகப் பேசுவார். என் பின்கழுத்தில், தோலோடு ஒட்டியபடி, கொத்தாகக் கொஞ்ச மயிரை வெட்டி எடுத்தார். உடம்புக்குள் போன பாதரசம் மயிரில் தங்கும், என் மயிர் நீளமானதால் முன் மாதங்களில் சாப்பிட்டதையும் அதில் பார்க்கலாம் என்றார். இடுப்பு வரை தொங்கும் என் கூந்தலைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்லிச் சொல்லி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அது இப்படி ஒரு வேலைக்குப் பயன்படும் என்று யார் கண்டது.

நான் இரசாயனம் படிப்பித்தவள் என்று அவரிடம் சொன்னேன். பாதரசம் கரையாதே, அது எப்படி மீனுக்குள் போனது என்று கேட்டேன். அவர் ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டினார். தொழிற்சாலைத் தண்ணீரோடு வரும் பாதரசம் முகத்துவாரத்தில் வந்து நிற்கும். ஓடை அங்கேதான் வேகம் குறைந்து, கொண்டுவந்ததைச் சேற்றில் இறக்கும். சேற்றில் உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதை வேறொரு பொருளாக மாற்றும். அந்தப் பொருள் சதைக்குள் இலகுவாகப் போகும், இலகுவில் வெளியே வராது. புழு அதைத் தின்னும், புழுவை இறால் தின்னும், இறாலைச் சிறு மீன், சிறு மீனைச் சுறா. ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போகும். நல்ல கடலில் பெரிய சுறாவுக்குள்தான் அவ்வளவு சேரும், இப்படியான இடத்தில் சுறா பெரிதாக வளரும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்றார். பக்கத்தில் இருந்த என் கணவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேறு இருக்கிற இடத்து மீனுக்குத்தான் ருசி என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர்.

முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களை நான் எப்படி எழுதுவது? நெஞ்சு பால் கட்டிக் கல்லாக வலிக்கும். பக்கத்து அறையில் குழந்தை பசியில் வீரிடுவாள். போத்தலை வாயில் வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டு என் சட்டையைத் தேடுவாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் பாலைப் பீய்ச்சி விடுவேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. பொல்லாத பொருள் ஒன்று அதற்குள் இருக்கிறது என்று யார் சொல்வார்? விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனித்தது. குழாயைத் திறந்து விட்டுக் கழுவிவிட்டு நின்றேன். நாளடைவில் குழந்தை போத்தலுக்குப் பழகிவிட்டாள். எனக்குப் பால் வற்றிவிட்டது.

முடிவைக் கேட்கப் போன நாள் நானும் அவரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போனோம், ஏன் என்று தெரியாது. டாக்டர் சிரித்த முகமாக இருந்தார். என் மயிரில் பாதரசம் சாதாரணமாக இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கிறது, ஆனால் என்னை நோயாளியாக்கும் அளவுக்கு இல்லை என்றார். கை விறைப்பு, கண் மங்கல், நடையில் தள்ளாட்டம் ஒன்றும் இல்லை என்று என்னை நடக்கவிட்டும் விரலால் மூக்கைத் தொடவிட்டும் பார்த்தார். என் கணவர் அப்பாடா என்று சத்தமாகவே மூச்சு விட்டார். டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாய்ப்பாலில் இது போவது கொஞ்சம்தான், விரும்பினால் நீ பால் கொடுக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். கொடுக்கலாமாம். எதைக் கொடுப்பது?

எழும்பப் போனபோது எனக்கு ஒன்று இடித்தது. நான் அவ்வளவு தின்றிருக்கிறேன். கர்ப்பமாக இருந்த மாதங்கள் முழுக்கத் தின்றிருக்கிறேன். எல்லோரும் பயந்த அளவுக்கு என்னிடம் இல்லை என்றால் மிச்சம் எங்கே? ஆய்வுகூடத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது அதுதான், போட்ட பொருள் எங்கேயும் மறைந்து போகாது, எங்கே போனதென்று தேடு. அதையே டாக்டரிடம் கேட்டேன்.

அவர் சிரிப்பை விட்டுவிட்டுக் கதிரையில் மறுபடியும் இருந்தார். சொல்வதா விடுவதா என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது.

“வயிற்றில் குழந்தை இருக்கும்போது தாயின் இரத்தத்தில் உள்ளதில் ஒரு பங்கைக் குழந்தை எடுத்துக்கொள்ளும். சில தாய்மாருக்கு ஒன்றும் ஆகாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்” என்றார்.

என் கணவருக்கு முதலில் விளங்கவில்லை, அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு நலம் என்று சொன்ன அதே வாயால் டாக்டர் சொன்னது இதுதான்: என் பிள்ளை என்னைச் சுத்தம் செய்திருக்கிறாள். பிறப்பதற்கு முன்பே, எனக்கு வர வேண்டியதை வாங்கி வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறாள். நான் பால் பாலென்று அழுதுகொண்டிருந்தேன், பாலுக்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அவளுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவளுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், இப்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள், வளரும்போதுதான் தெரியும் என்றார். கை சொன்னபடி கேட்கிறதா, நடை நேராக இருக்கிறதா, பேச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு தாயிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது.

அதற்குப் பிறகு என் கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. வீட்டில் இருந்தபடியே அரசாங்கக் கந்தோர் கந்தோராக ரெலிபோன் எடுத்தேன். அந்தக் குழாய்களில் என்ன வருகிறது? அந்தக் கரையில் ஏன் ஒரு பலகைகூட நடவில்லை? ஓரிடத்தில் அது எங்கள் வேலை இல்லை என்றார்கள். இன்னோரிடத்தில் காத்திருக்கச் சொல்லிவிட்டு மறந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு மனிதர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். கடையில் விற்கும் மீனைத்தான் பரிசோதிக்கிறார்கள், தூண்டிலில் பிடிப்பது அந்தக் கணக்கில் வராது என்று விளக்கினார். நல்ல குரல், மரியாதையான குரல்.

“அங்கே சும்மா பொழுதுபோக்குக்குத்தான் மீன் பிடிக்கிறார்கள், அம்மா. அதை யாரும் சாப்பிடுவதில்லை” என்றார்.

நாங்கள் சாப்பிட்டோம் என்றேன். வருந்துகிறேன் என்றார். நான் ரெலிபோனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கரையில் நின்ற கிரேக்கர்களும் இத்தாலியர்களும் தங்களுக்கு வேண்டிய மீனை வாளியில் கொண்டு போனதை என் கணவர் கண்ணால் கண்டவர். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியும், பிள்ளை இருக்கும். நாங்கள் ஒருவரும் அந்த ‘யாரும்’ கணக்கில் இல்லை. அடுத்த சனிக்கிழமை என் கணவர் தூண்டில் இல்லாமல் அங்கே போய், நின்றவர்களுக்கெல்லாம் கையாலும் வாயாலும் விளக்கிவிட்டு வந்தார். சிலர் கேட்டார்களாம். சிலர் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று நினைத்துச் சிரித்தார்களாம்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்ன வேலையை என்னைப் போல இந்த நாட்டில் எவளும் செய்திருக்க மாட்டாள். கிலுக்கை எந்தக் கையால் பிடிக்கிறாள், பிடித்ததை ஏன் விட்டாள், கூப்பிட்டால் எத்தனை தரத்தில் திரும்புகிறாள். கட்டடத்தில் அதே வயதுப் பிள்ளை ஒன்று நடந்த பிறகும் இவள் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் எழுந்து நடந்தாள், நடந்தவள் ஓடினாள். பேச்சு வந்தது, தமிழும் ஆங்கிலமும் கலந்து கொட்டியது. சட்டைப் பொத்தானைப் போட மட்டும் நெடுநேரம் எடுப்பாள். பால் கோப்பையைத் தட்டி ஊற்றுவாள். எல்லாப் பிள்ளைகளும் ஊற்றும், நானும் சின்ன வயதில் அப்படித்தான் என்பார் என் கணவர். அவர் பெரிய வயதிலும் அப்படித்தான், கைபட்டால் எதுவும் உடையும். ஆகவே இது அப்பாவின் கையா, அந்த ஓடையின் சேறா? யாரைக் கேட்பது? வருடாவருடம் டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் வருடாவருடம், சொல்வதற்கில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்றார்.

அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம். எழுபதுகள் முடியப் போகின்றன. ஒரு பின்னேரம் அவளுக்குச் சோறும் பருப்பும் போட்டுக் கரண்டியும் கொடுத்துவிட்டு, வழக்கம்போல எதிரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். அவள் சாப்பிடவில்லை. இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே கொண்டுபோய்த் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பசிக்கவில்லையா என்று கேட்டேன். பசிக்கிறது என்று தலையாட்டினாள். பிறகு ஏன் சாப்பிடவில்லை என்றேன்.

“நீங்கள் என்ர கையைப் பாக்காட்டித்தான் சாப்பிடுவன்” என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. நெடுநாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். என் பிள்ளைக்கு அவ்வளவு காலமும் தெரிந்திருக்கிறது. சரி அம்மா என்று சொல்லி எழுந்து குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே நின்றுகொண்டு, கரண்டி சோற்றுக் கோப்பையில் படும் சத்தம் சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.